பட்டறைத் திண்ணை: மணியின் ஓட்டைக்குள் ஒரு படி

(பழங்காலத்துக் கைத்தொழில், வேலை, அன்றாடப் பிழைப்பு பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் 34 வருடம் டர்னராக இருந்து, இப்போது சென்னிமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் நம் ‘பட்டறைத் தாத்தா’ பதில் சொல்கிறார்.)

பெருந்துறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கொடுமணலில் கிடைத்த கல்மணிகளை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். கரண்ட் இல்லை, மெஷின் இல்லை. அவ்வளவு கெட்டியான கல்லில் அத்தனை சின்ன ஓட்டையை எப்படிப் போட்டார்கள்?

அம்மிணி, கேட்டதற்கே உனக்குப் பாதி மார்க் போட்டாயிற்று. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் “என்ன நிறம், என்ன பளபளப்பு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ ஓட்டையைப் பார்த்திருக்கிறாய். வேலை ஓட்டையில்தான் இருக்கிறது.

கொடுமணல் எனக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று அரிசில்கிழார் பாடியது இந்த ஊரைத்தான் என்கிறார்கள். ‘வினைமாண்’ என்றால் வேலைப்பாட்டில் சிறந்தது. அரசனைப் பாடவந்த புலவர் போகிற போக்கில் ஒரு பட்டறை ஊருக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்ட ஆரம்பித்தது. அதற்கப்புறம் தொல்லியல் துறையும் புதுவைப் பல்கலைக்கழகமும் தோண்டின. ஒரு கல்லறையில் மட்டும் சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த 2,220 மணிகள் இருந்தன. கொடுமணலிலேயே சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த ஒரு வெண்கலப் புலியும் கிடைத்தது.

செய்தித்தாளில் வந்ததெல்லாம் அந்தப் புலிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கொடுமணலில் முடித்த மணிகளோடு முடிக்காத மணிகளும் கிடைத்தன. பச்சைக் கல்லாகக் கிடந்தது, சில்லு எடுத்து உருவாக்கியது, தேய்த்து ஓட்டை போடாமல் விட்டது, போடும்போதே உடைந்தது, வேண்டாமென்று வீசிய சில்லுகள் என்று எல்லாம் ஒரே மண்ணில் இருந்தன. எங்கள் கம்பெனியில் புதுப் பையன் எப்படி வேலை செய்கிறான் என்று தெரிய மேஸ்திரி அவன் முடித்த சாமானைப் பார்க்கமாட்டார், நேராகப் போய் ஸ்கிராப் பெட்டியைக் கிளறுவார். கொடுமணல் இரண்டாயிரம் வருடத்து ஸ்கிராப் பெட்டி.

சரி, ஓட்டைக்கு வருவோம். கல்லின் கெட்டித்தனத்துக்கு 1 முதல் 10 வரை ஒரு அளவு உண்டு. படிகமும் சூதுபவளமும் ஏறக்குறைய 7. பெரில் என்கிற பச்சைநீலக் கல் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். நீலம் 9. வைரம் 10. சாதாரண இரும்பு 4, 5-க்கு மேல் போகாது. அதனால் இரும்புக் கம்பியை வைத்து எத்தனை நாள் சுற்றினாலும் தேய்வது கம்பிதான், கல் அல்ல. கல்லைவிடக் கெட்டியான ஒன்று முனையில் இருக்கவேண்டும். அதற்குக் குருந்தக்கல் பொடி இருக்கிறது, இல்லாவிட்டால் வைரச் சில்லு. (இங்கிலீஷில் ‘கொரண்டம்’ என்று சொல்கிறார்களே, அது நம் குருந்தம்தான். இங்கிருந்து கல்லை மட்டும் கொண்டுபோகவில்லை, பேரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.)

குஜராத்தில் கம்பாத் என்று ஒரு ஊர். அங்கே கைவேலைக்காரர்கள் வில்லுத் துறப்பணத்தில் (கையால் இழுக்கிற ட்ரில்) இதே வேலையைச் செய்துவந்திருக்கிறார்கள். கம்பியின் முனையில் கடுகை விடச் சின்னதாக இரண்டு வைரச் சில்லுகள் பதித்திருக்கும். வில்லின் கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, ரம்பம் இழுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுப்பார்கள். ஓட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நின்றால் சூடேறி மணி வெடித்துப்போகும். நம்மூர்ப் பழைய ஆசாரிகளும் மரத்துக்கு இதே துறப்பணத்தை வைத்திருந்தார்கள். எங்கள் அப்பாரு வீட்டு நிலைக்கதவுக்கு ஒருவர் அதில் ஓட்டை போட்டதை நான் சின்னப் பையனாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிர்... கிர்... என்று பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

இனி இதில் ஒரு சூட்சுமம். மணியை ஒரே பக்கத்திலிருந்து துளைத்துக்கொண்டு போனால், மறுபக்கம் வெளியே வருகிற கடைசி நொடியில் கல் பெயர்ந்து விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்ப்பிரும்புப் பிளேட் ஒன்றில் நான் இதைத்தான் செய்தேன். கை அமுக்கிய அமுக்கில் ட்ரில் மறுபக்கம் வெளிவரும்போது விளிம்பில் நகக்கண் அளவு ஒரு சில்லு எகிறிவிட்டது. மேஸ்திரி அந்தப் பிளேட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, “கடைசி ஒரு நூலில் கையை இலகுவாக்கணும்டா” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அரைநாள் கூலி போச்சு. மணிக்காரர்கள் அதற்கும் மேலே போனார்கள். பாதி வரை ஒரு பக்கம், அப்புறம் திருப்பி மறுபக்கம். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் மயிரிழை விலகல் இருக்கும், அந்த இடத்தில் ஓட்டைக்குள் ஒரு சின்னப் படி விழும். மணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் அது தெரியும். அந்தப் படிதான் அவன் கையெழுத்து.

சூதுபவளத்தின் சிவப்பிலும் பாதி வேலை நெருப்புடையது. கல்லுக்குள் இருக்கிற இரும்புச் சத்து சூட்டில் சிவப்பாகிறது. கொடுமணலுக்கு அந்தக் கல் குஜராத், மராட்டியப் பக்கமிருந்து வந்தது. பெரில் மட்டும் நம் வீட்டுச் சொத்து. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் எடுத்தார்கள். நீலம் சிவன்மலைப் பக்கம் கிடைத்தது.

பெரிலைப் பற்றி ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். அவர் கி.பி. 79-இல் இறந்தவர். இந்தியர்களுக்கு நீளமான பெரில்தான் பிடிக்கும், அதற்குத் தங்கக் கட்டு தேவையில்லை என்பார்கள், ஆகவே அதைத் துளைத்து யானை முடியில் கோத்துக்கொள்கிறார்கள் என்கிறார். நம் ஊர்க் கோயிலுக்கு யானை வந்தால் பாகனிடம் ஒரு முடி வாங்கி மோதிரம் பண்ணிப் போட்டுக்கொள்வோமே, அதே முடிதான். அப்படியானால் ஓட்டை எத்தனை பெரிது? யானை வால்முடி நுழைகிற அளவு. நீ கேட்ட கேள்விக்கு அளவோடு பதில் சொன்னது அந்த ரோமாபுரிக்காரர்தான்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் லீவு கேட்டால் நூறு கேள்வி. அந்தக் காலத்தில் வேலைக்காரர்களுக்கு லீவு உண்டா?

உண்டு தாயி, அதற்கு ரிஜிஸ்டரும் உண்டு. நம் நாட்டில் அல்ல, எகிப்தில்.

ராஜாக்களுக்கு மலையைக் குடைந்து கல்லறை வெட்டிய வேலைக்காரர்கள் குடும்பத்தோடு ஒரு தனி ஊரில் இருந்தார்கள். இன்றைக்கு அந்த இடத்துக்கு டெய்ர் எல் மெதினா என்று பெயர். இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40-ஆம் வருடம், அதாவது கி.மு. 1240 வாக்கில், அங்கே ஒரு கணக்கப்பிள்ளை சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில் வருகைப் பதிவு எழுதினார். சுமார் 40 ஆட்கள், 280 நாட்கள். தேதி கறுப்பு மையில், வராத காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். இப்போது அந்தக் கல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

காரணங்களைக் கேள். ஒருவனுக்குக் கண்வலி. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் பீர் காய்ச்சப் போனான். ஒருவன் செத்துப்போன சொந்தக்காரருக்குத் துணி சுற்றிப் பதப்படுத்தப் போனான். வீட்டுப் பெண்ணுக்குத் தீட்டு என்றும் சிலர் வரவில்லை. அதையும் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்களே தவிர, வேலையை விட்டு நிறுத்தியதாக அதில் இல்லை. பீர் காய்ச்ச லீவு என்பதை உன் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்க்காதே.

எனக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்தது அவர்கள் டூல் ரூம். செம்பு உளி அரசாங்கத்துச் சொத்து. கொடுக்கும்போது ஒரு கல்லோடு எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். மழுங்கித் திரும்பி வந்தால் மறுபடி அதே கல்லோடு எடை. செம்பைச் சுரண்டி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எங்கள் கம்பெனியில் மைக்ரோமீட்டர் வாங்க நம்பர் அடித்த பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். டோக்கன் தொலைந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வரை வயிற்றில் புளிதான். 3,200 வருடத்தில் எடைக்கல் போய் டோக்கன் வந்தது, அவ்வளவுதான்.

கூலி தானியமாக வந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் வருடத்தில் அது வரவேயில்லை. நாட்கள் போயின. வேலைக்காரர்கள் கருவியைப் போட்டுவிட்டுக் கும்பலாகப் போய்க் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று அவர்கள் சொன்னது பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில் நமக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்பார்கள். சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரிக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்: டமாஸ்கஸ் வாள் முழுக்க நம் கொடுமணல் இரும்பில்தான் செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?

வாட்ஸ்அப்புக்கு நம் ஊர்மேல் பாசம் அதிகம். டமாஸ்கஸ் வாள் கொடுமணலுக்கு நூற்றாண்டுகள் பிந்தியது. ‘முழுக்க’ என்பதை எடுத்துவிடுங்கள், ‘கொடுமணல்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் என்ன? தென்னிந்திய மூசை எஃகு (மூசை என்றால் உலோகம் உருக்குகிற மண்குடுவை) ரொம்பக் காலம் கடல் தாண்டிப் போனது, வாள்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். அது உண்மை. கொடுமணலில் உருக்கு உலைகளும், சூட்டில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட மூசைத் துண்டுகளும் கிடைத்தன. அதுவும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நேர்க்கோடு போடுவதுதான் வேலை தெரியாதவன் போடுகிற கோடு.

ஆனால் அந்த எஃகு எப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் வாள் கதையே வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சேலத்து இரும்பை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திய ஹீத் என்ற இங்கிலீஷ்காரர், நம் ஆட்கள் செய்ததைப் பார்த்து எழுதிவைத்தார். தேனிரும்பைச் (அடித்து நீட்டக்கூடிய மென்மையான இரும்பு) சின்னத் துண்டாக வெட்டி, காய்ந்த ஆவாரங்குச்சியோடு களிமண் மூசையில் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். பூச்சு காய்ந்ததும் இருபது, இருபத்திநாலு மூசைகளை வளைவாக அடுக்கி, கரியைக் குவித்து, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி, கரி இரும்புக்குள் ஏறும். ஏறியதும் இரும்பு உருகுகிற சூடு இறங்கும். அதனால்தான் சாதாரண உலையில் உருகாத இரும்பு இதில் உருகிக் கட்டியாகிறது. ஆவாரை நம் மேட்டுக்காட்டுக்குக் காட்டுச்செடி. எருக்கு விநாயகருக்கு. அதை இரண்டையும் இரும்பில் போடவேண்டும் என்று முதலில் எவனுக்குத் தோன்றியதோ!

இதில் ஈரம்தான் எமன். எங்கள் ஃபவுண்டரியில் ஒருமுறை மழைக்கு நனைந்த அச்சுப்பெட்டி ஒன்றைச் சரியாக உலர்த்தாமல் விட்டுவிட்டார்கள். உருகிய இரும்பை ஊற்றியதும் அது பட்டாசு மாதிரித் துப்பியது. ஒரு பொட்டு என் பக்கத்தில் நின்றவரின் செருப்பைத் தைத்து உள்ளே போய்விட்டது. செருப்பு என்னவோ தோல்தான், கால் அவருடையதாயிற்றே. கம்பெனி மஞ்சள் களிம்பு கொடுத்தது. அதற்கப்புறம் ‘பூச்சு காய்ந்ததும்’ என்று ஹீத் எழுதிய இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வருகிறது. காயும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒருவன் கொடுமணலிலும் இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் நமக்கு மூசை கிடைத்திருக்காது, வெடித்த சில்லுதான் கிடைத்திருக்கும்.

துருத்தி பற்றி ஒரு வரி. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழூருக்குப் பொதுவாக ஒரு ஊரில் வைத்த கொல்லன் உலையின் மிதிதோல் போல என் நெஞ்சு வருந்துகிறது என்கிறார். ஏழூர் வேலைக்கும் ஒரே துருத்தி, அது எப்போது ஓயும்? காதல் பாட்டுத்தான். ஆனால் ஏழு ஊருக்கு ஒரு கொல்லன், கையால் அல்ல காலால் மிதிக்கிற துருத்தி என்று எனக்கு வேண்டிய இரண்டு செய்தியும் அதில் இருக்கிறது. என் சின்ன வயதில் ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஏர்க்கொழு தீட்டக் கொல்லுப்பட்டறையில் நின்ற கூட்டம் அந்த ஏழூரில் பாதியாவது இருக்கும்.

கரூரிலிருந்து ஒரு வியாபாரி: அந்தக் காலத்தில் கலப்படம், போலி உண்டா? அல்லது எல்லாரும் உத்தமர்களா?

உத்தமர்களா! அதே பிளினி, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நம் பெருமையை எழுதிய அதே பேனா.

அவருக்கும் முன்னால், ஏறக்குறைய கி.மு. 1750-இல், மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பக்கம்) ஊர் என்றே பெயர் கொண்ட ஊரில் ஏஆ-நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி. நன்னி என்பவர் அவருக்குக் களிமண் பலகையில் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். நல்ல செம்புக் கட்டி தருகிறேன் என்றாய், மட்டமான கட்டியைக் காட்டினாய், என் ஆள் எதிரி நாட்டு வழியாக உன்னிடம் வந்தான், வெறுங்கையோடு அனுப்பினாய் என்கிற தோரணை. அந்தக் களிமண் இன்னும் இருக்கிறது. வியாபாரி என்ன பதில் எழுதினான் என்பது கிடைக்கவில்லை. பேமென்ட் நிலுவையில் இருந்தால் பதில் எங்கே வரப்போகிறது, உங்களுக்குத் தெரியாததா?

சென்னிமலை வாசகி: எல்லாக் கதையிலும் ஆண்கள்தான் வேலை செய்கிறார்கள். பெண்கள் சும்மா இருந்தார்களா?

சும்மாவா? நூல் யார் நூற்றது? கொடுமணலில் நூல் நூற்கும் தக்ளிச் சில்லுகள் கிடைத்தன. கல்லறையில் வைத்த வாள் பெருமைக்கு, தக்ளி தினசரிக்கு. புறநானூறு 326-இல் ஒரு காட்சி: இரவில் காட்டுப்பூனைக்குப் பயந்து கோழி கத்துகிறது, பருத்திக் கொட்டையும் தூசியும் புடைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து சின்ன விளக்கைத் தூண்டிப் பார்க்கிறாள். பகலில் வீட்டு வேலை, ராத்திரியில் பருத்தி வேலை. சென்னிமலையில் தறிச்சத்தத்தோடு தூங்கிப் பழகிய உங்களுக்கு இது புதிதா அம்மா? இந்தப் பாட்டைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். பேரிலேயே தொழில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் கை வேலை செய்வதைக் கவனிக்கத் தெரிந்தவர் அவர், நகை செய்கிறவர் கண்.

வெள்ளகோவிலிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவன்: தாத்தா, மழை பெய்த பிறகு எங்கள் காட்டில் சிவப்பு மணி ஒன்று கிடைத்தது. அது பழையதா? விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

கண்ணு, விலை பற்றி என்னிடம் கேட்காதே, உங்க அப்பாவிடமும் கேட்காதே. முதலில் எந்த வரப்பு, எந்த மரத்துக்கு எத்தனை அடி என்று நோட்டில் எழுதி வை. இடம் போனால் மணிக்குப் பாதி உயிர் போச்சு. பக்கத்தில் இன்னும் இருக்குமோ என்று மண்வெட்டியைத் தூக்காதே. மண்ணில் புதைந்த பழம்பொருள் கிடைத்தால் சொல்லவேண்டும் என்று 1878-இலிருந்தே சட்டம் இருக்கிறது. உங்க வாத்தியாரிடம் காட்டு, அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லட்டும். சபீனா போட்டுத் தேய்க்காதே. பல்லில் கடித்துப் பார்க்காதே, என் பேரன் ஒரு கண்ணாடி மணியை அப்படிக் கடித்துத்தான் முன்பல்லில் சில்லு எடுத்துக்கொண்டான்.

அப்புறம், மனசைத் தேற்றிக்கொள். காங்கேயம் காளைக்குக் கழுத்தில் கட்டுகிற பாசிமணி அறுந்து விழாத காடு நம் பக்கம் கிடையாது. சந்தேகம் இருந்தால் ராத்திரி டார்ச்சுக்கு நேராகப் பிடித்து ஓட்டைக்குள் பார். குழாய் மாதிரி நேராக இருந்தால் காளையுடையது. நடுவில் சின்னதாக ஒரு படி தெரிந்தால், அன்றைக்கே எனக்கு ஒரு கடிதம் போடு. பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.